பிள்ளைகளின் தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ப்ளஸ் டூ பொதுத்தேர்வை ஒட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் பெற்றோருக்கான அறிவுரைக் கட்டுரை ஒன்று வந்தது. தேர்வு முடியும்வரை பிள்ளை 5 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் பார்த்துக்கொள்வது தாயின் கடமை என்று அதில் ஒரு வரி. இந்த வரி எப்படித் தங்கள் கண்ணைத் தாண்டி அச்சுக்குப் போனது? மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி, விடைத்தாளும் திருத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். கோபத்தில் ஏதாவது சொல் கடுமையாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதின்வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அந்த வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குப் போகிறது. இரவு 11 மணிக்கு முன் கண் சொருகாதது சோம்பேறித்தனமோ திமிரோ அல்ல, உடம்பின் வளர்ச்சி அப்படி. பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பி உட்காரவைத்தால், முந்தின நாள் படித்தது மனதில் ஊன்ற வேண்டிய நேரத்தைத்தான் பிடுங்குகிறோம். கண் வரிமேல் ஓடும், பக்கமும் புரளும், உள்ளே ஒன்றும் இறங்காது.

இதனால் என்ன கெடுகிறது என்பது விடைத்தாளில் தெரியும். இயற்பியல் எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்வி 15. இரண்டு மதிப்பெண் கேள்விகள் 9 கேட்டு 6 எழுத வேண்டும். அதில் 24ஆம் கேள்வி கட்டாயம். மூன்று மதிப்பெண்ணிலும் அப்படியே 9க்கு 6. அங்கே 33ஆவது கட்டாயம். பிறகு ஐந்து மதிப்பெண் கேள்வி 5, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. தூக்கம் கெட்ட பிள்ளை முதலில் தவறவிடுவது அந்தக் கட்டாயக் கேள்வியைத்தான். தெரிந்த ஆறை அழகாக எழுதிவிட்டு 24ஐத் தொடாமல் போகும். ஆறு எழுதியும் ஐந்துக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். கணக்கை ரஃப் பகுதியில் சரியாகப் போட்டு, விடையை எடுத்தெழுதும்போது 10இன் அடுக்கில் கழித்தல் குறியை விட்டுவிடும். அலகு எழுதாது. இதெல்லாம் பாடம் தெரியாததால் வரும் தவறு இல்லை. மூளை களைத்துப்போனதால் வருவது. 10 மணிக்கு வினாத்தாள் கையில் வந்ததும் வாசிக்கவென்றே 10 நிமிடம் தருகிறார்கள். அந்த 10 நிமிடத்தைப் பயன்படுத்தத் தெளிந்த தலை வேண்டும்.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கில் கணிதம் 100, பாதியாக்கிய இயற்பியல் 50, பாதியாக்கிய வேதியியல் 50. ஆகவே இயற்பியலில் போகும் ஒவ்வொரு 2 மதிப்பெண்ணும் கட்-ஆஃபில் ஒன்று. கட்-ஆஃபுக்காகவே பிள்ளையை எழுப்பும் பெற்றோர், எழுப்பியே அதைக் குறைக்கிறார்கள்.

படிக்கும் முறையையாவது கட்டுரை சொல்லியிருக்கலாம். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசி என்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ராத்திரி அம்மாவிடம் மடமடவென ஒப்பித்த பிள்ளை தேர்வறையில் விழிப்பது இதனால்தான். அதைப் பார்த்து 'நீ படிக்கவே இல்லை' என்பது அநியாயம். ஒரு சமன்பாட்டின் வருவித்தலைப் படித்தால் புத்தகத்தை மூடி, படம் வரைந்து, படிகளை எழுதி, பிறகு திறந்து சிவப்பு மையில் திருத்த வேண்டும். இரண்டு நாள் விட்டு மறுபடி எழுத வேண்டும். இதற்கு ஒரு மேஜையும் அமைதியும் போதும். பக்கத்தில் காவல் இருக்கத் தேவையில்லை.

'ஃபெயிலாகிவிடுவாய்' என்ற மிரட்டலும் கணக்கு தெரியாமல் வருவதுதான். செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 போக, எழுத்தில் 70க்கு 15 எடுத்து மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. பயந்துபோன பிள்ளைக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினாலே பாதி நடுக்கம் அடங்கும்.

வீட்டை மட்டும் சொல்லிப் பயனில்லை. காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்லிப் டெஸ்ட், ஒவ்வொரு ரிவிஷன் முடிந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு மதிப்பெண் பட்டியல். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று ஊருக்கே தெரிய வேண்டிய அவசியம் என்ன? மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. ஆனால் தேர்வு முடிவு வந்த மறுநாள் தங்கள் இதழில் முழுப்பக்க விளம்பரத்தில் பிள்ளைகள் முகம் வரிசையாக வருகிறது. அதற்கு முன்பே, ஒவ்வொரு தேர்வன்றும் மாலைக்குள் தங்கள் இணையதளம் விடைக்குறிப்பு போடுகிறது. ஒரு மதிப்பெண் கேள்வியில் இரண்டு போய்விட்டது என்று கண்டுபிடித்த பிள்ளை அடுத்த பாடத்தை எந்த மனதோடு எடுக்கும்? வினாத்தாளை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு, கடைசித் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுத ஆள் இல்லையா?

ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே ஓட்டும் பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநிலக் கல்விக் கொள்கை 2025க்குப் பிறகு அது எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். பழைய குறுக்குவழி திரும்புகிறதா என்று கண்காணித்து எழுத வேண்டியது பத்திரிகைகள்தான். அதைப் பற்றித் தங்கள் இதழில் இதுவரை ஒரு செய்தியும் பார்க்கவில்லை.

தற்கொலைச் செய்திகளை எப்படி வெளியிட வேண்டும் என்று இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019இல் நெறிமுறை தந்திருக்கிறது. முறையை விவரிக்கக் கூடாது, பெரிதாக முன்னால் போடக் கூடாது, பரபரப்பாகத் தலைப்பிடக் கூடாது. 'மதிப்பெண் குறைந்ததால்' என்று ஒற்றைக் காரணம் காட்டித் தலைப்பு வைப்பதைத் தாங்கள் நிறுத்தியே ஆக வேண்டும். அதே மதிப்பெண் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் அந்தத் தலைப்பை அன்று வீட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். முடிவு வெளியாகும் நாளில் முதல் பக்கத்தின் அடியில் நான்கு வரி இடம் ஒதுக்குங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, 104 என்ற எண்கள். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபின் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற தகவல், அதற்கான கடைசித் தேதியுடன். துணைத்தேர்வு உடனே நடக்கிறது, அதில் தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம் என்ற செய்தி. அந்த 5 மணி நேர வரிக்கு அடுத்த ஞாயிறே ஒரு திருத்தமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை