இரண்டு அரச உத்தியோகத்தருக்கு நாங்கள் எங்கே போவது?

வடக்கில் கிளை வைத்திருக்கும் வங்கிகளின் தலைமை அலுவலகங்களில், சிறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்குப் பொறுப்பாக இருக்கும் பெரியோருக்கு,

வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதப் பழக்குவது, விலை போடப் பழக்குவது, சந்தை பிடித்துக் கொடுப்பது, கடைசியில் அவர்களுடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு உங்கள் கிளைகளுக்கு வருவது, இதுதான் நான் பல வருடமாகச் செய்யும் வேலை. உங்கள் கிளை முகாமையாளர்கள் பலருக்கு என்னைத் தெரியும். சிலர் என்னைக் கண்டதும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அனுப்பிய சுற்றுநிருபத்தைத்தான் அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். ஆகவே இந்த முறை நேரே உங்களுக்கே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு கோப்பு திரும்பி வந்தது. விசுவமடுப் பக்கத்தில் அரிசிமா, குரக்கன்மா, மிளகாய்த்தூள் செய்து விற்கும் ஒரு அக்காவின் கோப்பு. மா வறுக்கும் இயந்திரம் ஒன்றும் பைக்கற் ஒட்டும் இயந்திரம் ஒன்றும் வாங்க ஏழு இலட்சம் ரூபாய் கேட்டிருந்தார். திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணம் ஒரே வரிதான். அரச உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும், ஒருவர்தான் இருக்கிறார், அவரும் ஏற்கெனவே இன்னொருவருக்குப் பிணை நின்றவர்.

அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்று உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன்.

அந்த அக்காவை முதலில் சந்தித்தபோது கணக்கெல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருந்தது. ஒரு கிலோ மாவில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன். "அறுபது ரூபாய் நிக்கும் தம்பி" என்றார். சரி, இருந்து எழுதுவோம் என்று கொப்பியை விரித்தோம். அரிசி விலை எழுதினோம். வறுக்கும்போது குறையும் நிறையை எழுதினோம். மில் கூலி, பைக்கற், ஓட்டோக் கூலி எல்லாம் எழுதினோம். விறகை அவர் சொல்லவேயில்லை. வளவுக்குள் பொறுக்கிய காலம் போய் இப்போது லோட் கணக்கில் காசுக்கு வாங்குகிறார். ஆனாலும் அவர் மனதில் விறகு இன்னும் சும்மா கிடைக்கும் பொருள்தான். உதவிக்கு வரும் இரண்டு பிள்ளைகளின் சம்பளத்தைச் சொன்னார். விடிய நாலு மணிக்கு எழும்பித் தாச்சிக்கு முன்னால் நிற்கும் தன்னுடைய கூலியைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "எனக்கென்ன கூலி?" என்று சிரித்தார். எல்லாவற்றையும் போட்டுக் கூட்டியபோது கிலோவுக்கு நின்றது பதினெட்டு ரூபாய். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து எழுதத் தொடங்கினார். இடியப்ப மாவுக்கு ஒரு விலை, பிட்டு மாவுக்கு ஒரு விலை என்று பிரித்தார். கடனுக்குக் கொடுத்த கடைகளில் ஒழுங்காகக் காசு தராதவற்றை நிறுத்தினார். வவுனியாவுக்கு அனுப்பத் தொடங்கினார். உங்களிடம் வந்த கோப்பில் இரண்டு வருடத்து வரவு செலவுக் கொப்பிகளின் பிரதி இருந்தது, வங்கிக்கூற்று இருந்தது, பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கடிதமும் மூன்று மொழியில் அச்சடித்த லேபலும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேல் கொழும்பிலுள்ள ஒரு மொத்த வியாபாரி கொடுத்த கொள்வனவுக் கட்டளை இருந்தது. தாச்சியில் வறுத்தால் ஒரு நாள் மா வெளிறி இருக்கும், அடுத்த நாள் கொஞ்சம் சிவந்து போகும். ஊருக்குள் விற்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கொழும்புக்காரருக்கு எல்லாப் பைக்கற்றும் ஒரே பதத்தில் வேண்டும். இயந்திரம் கேட்டது அதற்குத்தான்.

உங்கள் கிளையில் மேசையில் இருந்தவர் கொப்பியைத் திறக்கவில்லை. கடைசிப் பக்கங்களைப் புரட்டி, சம்பளப் பட்டியல் இணைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். யாருடைய சம்பளப் பட்டியல்? மாவைத் தொட்டும் பார்க்காத வேறு இரண்டு பேருடையது.

ஐயா, அம்மா, எங்கள் ஊர்களில் அரச உத்தியோகத்தர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆசிரியர்களில் பலர் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து பின்னேரம் பஸ்ஸில் போகிறவர்கள். அவர்களுக்கு இந்த அக்காவை யாரென்றே தெரியாது. கிராம அலுவலர் ஊருக்கு ஒருவர். சமுர்த்தி உத்தியோகத்தரும் அப்படித்தான். அந்த ஒருவர் ஊர் முழுவதற்கும் பிணை நிற்க முடியுமா? பிணை நின்றால் அவருடைய பெயரும் கிறிப் அறிக்கையில், அதாவது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், ஏறும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு அவர் தன்னுடைய வீட்டைக் கட்டக் கடன் கேட்டு வந்தால், அடுத்த வீட்டு மா மில்லின் கடன் குறுக்கே நிற்கும். அவர் மாட்டேன் என்று சொல்வதில் ஒரு பிழையும் இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய விடயம். வன்னியில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியே தாங்குகிறார்கள், ஏன் தாங்குகிறார்கள் என்பது நீங்கள் அறியாததல்ல. அப்படி ஒரு பெண், வேலை முடிந்து உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்திருப்பார் என்று பார்த்து, பொழுதுபடுகிற நேரத்தில் அவருடைய படலையில் போய் நிற்க வேண்டும். கையில் ஒரு வாழைச்சீப்பாவது கொண்டு போக வேண்டும். அந்த வீட்டு அம்மா வெளியே வந்து ஏற இறங்கப் பார்ப்பார். "அவர் இல்லை, நாளைக்கு வாங்கோ" என்பார். நாளைக்கும் போக வேண்டும். ஒழுங்கையில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். கையெழுத்துக் கிடைத்துவிட்டால் கடன் கட்டி முடியும்வரைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்க வேண்டும். சில இடங்களில் அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் கிளைகளில் வேலை செய்யும் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நீங்கள் ஒரு படிவத்தில் ஒரு வரியாகப் போட்டது, இங்கே ஒரு பெண்ணை இந்தப் படலைகளுக்கெல்லாம் அனுப்புகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: ஒழுங்கான கணக்கும் உறுதியான கட்டளையும் காட்டுகிற சிறு தொழிலுக்கு, அரச உத்தியோகத்தர் பிணையைக் கட்டாயமாக்காதீர்கள்.

பிணையாள் இல்லாவிட்டால் காணியை ஈடு வைக்கலாமே என்று சொல்வீர்கள். சொல்லியுமிருக்கிறீர்கள். இங்கே குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். கொழும்பில் உறுதிக் காணியை ஈடு வைப்பது போல இதை வைக்க முடியாது. பிரதேச செயலரின் சம்மதம் வேண்டும். பல பத்திரங்கள் இன்னும் தகப்பன் பெயரில், தாத்தா பெயரில் இருக்கின்றன. 2009 இல் பத்திரமே போய்விட்டவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காணியில்தான் மில் நிற்கிறது, கிணறு இருக்கிறது, வீடு இருக்கிறது. உங்கள் கணக்கில் அது வெறும் தரை.

ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். அதே கிளையில் அடகுப் பகுதி மிக நன்றாக நடக்கிறது. காதில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்தால், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முதல் காசு கையில். அங்கே யாரும் அரச உத்தியோகத்தரைக் கூட்டிவரச் சொல்வதில்லை. தோட்டின் நிறையைச் சரியாக நிறுக்கத் தெரிந்த உங்களுக்கு, இரண்டு வருடக் கணக்குக் கொப்பியை நிறுக்கத் தெரியாமல் போனது எப்படி?

வன்னி ஆட்கள் கடன் கட்டமாட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியபோது, தவணைக் காசும் ஏறியது. அப்போது மண்ணெண்ணெயும் இல்லை, உரமும் இல்லை, கரண்டும் இல்லை. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் நகையை விற்றுத் தவணை கட்டியவர்களை எனக்குத் தெரியும். மாட்டை விற்றவர்களையும் தெரியும். கட்டாதவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எந்த ஊரில் இல்லை?

நீங்கள் கதவைச் சாத்தினால் அவர்கள் சும்மா வீட்டில் இருப்பதில்லை. கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடனுக்கு, எங்கள் பேச்சில் கிழமைக்கடனுக்கு, போகிறார்கள். அங்கே உத்தியோகத்தர் பிணை கேட்பதில்லை. குழுவில் மற்றப் பெண்கள்தான் பிணை. காசு பிரிக்க வருகிறவர் முழுக் காசும் வைக்கும்வரை விறாந்தையில் இருப்பார். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே இறங்க வேண்டி வந்ததே, அது எதனால்? ஆண்டு வட்டிக்கு 35 சதவீதம் என்று அப்போது ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். உச்சவரம்பே 35 என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நீங்கள்தான் கணக்கில் கெட்டிக்காரர்.

எழுத வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வன்னியில் பயிற்சிக்குக் குறைவில்லை. 'தொழில்முனைவோர் வலுவூட்டல்' என்று பதாகை கட்டி, குளிரூட்டிய மண்டபத்தில் இருத்தி, றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, படம் எடுத்து, சான்றிதழும் கொடுப்பார்கள். சில வீடுகளில் சுவர் நிறையச் சான்றிதழ். ஒரு காலம் ஆட்டுக்குட்டி கொடுத்தார்கள், அப்புறம் கோழிக்குஞ்சு, அப்புறம் தையல் மெஷின். ஒரே ஒழுங்கையில் ஆறு வீட்டுக்குத் தையல் மெஷின் கொடுத்தால் யார் யாருக்குச் சட்டை தைப்பது? இப்போது பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை என்று கைத்தொழில் வலயம் பற்றிய பேச்சு. நல்லது, வரட்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் ஓடிய காலத்தைக் கண்டவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். ஆனால் வலயம் வரும்வரைக்கும் மா வறுக்க ஒரு இயந்திரம் வாங்க வழியில்லையே. வெளிநாட்டு முதலீட்டாளருக்குக் கம்பளம் விரிக்கிறவர்கள், உள்ளூரில் ஏழு இலட்சம் கேட்பவருக்கு ஒரு கதிரையாவது போடலாம்.

மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கூடிவிட்டது. பயிற்சிக்கும் வலயத்துக்கும் நீங்கள் பொறுப்பல்ல. உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

உங்களுக்கு வழி இல்லாமலில்லை. சிறு, நடுத்தரத் தொழிலுக்கு வங்கி கொடுக்கும் கடனில் ஒரு பங்கு நட்டத்தைத் தாங்குவதற்கென்றே தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் அமைக்கப்பட்டிருக்கிறது. பிணை போதாதவர்களை நினைத்துத்தான் அதை அமைத்தார்கள். அதைப் பற்றி நான் கிளையில் கேட்டால், "தலைமை அலுவலகத்திலிருந்து எங்களுக்கு அறிவுறுத்தல் வரவில்லை" என்கிறார்கள். அந்த அறிவுறுத்தலை அனுப்ப வேண்டியவர்கள் நீங்கள். வாங்கப்போகும் இயந்திரத்தையே பிணையாக எடுங்கள். கொழும்பு வியாபாரி தரும் காசு நேரே உங்கள் கணக்குக்கு வரும்படி ஒழுங்கு செய்யுங்கள். தவணையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். அந்த அக்கா சம்மதித்திருக்கிறார், எழுதியும் கொடுத்திருக்கிறார். கோப்பில் இருக்கிறது, பார்க்காமல் விட்ட பக்கங்களில். முழுத் தொகைக்கும் மனம் வராவிட்டால் முதலில் பாதியைக் கொடுத்துப் பாருங்கள். எதைச் செய்தாலும், அந்த இரண்டு சம்பளப் பட்டியலை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வரும். அந்த நேரத்தில்தான் வயலடியில் நெல் மலிவு. அப்போது வாங்கி வைக்காவிட்டால், பிறகு ஆலைக்காரரிடம் அவர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். பதினெட்டு ரூபாயும் நிற்காது. இயந்திரத்துக்குக் கடன் கிடைக்குமா இல்லையா என்று தெரிந்தால்தான், கையில் இருக்கும் காசை நெல்லுக்குப் போடுவதா என்று அவர் முடிவெடுக்கலாம். கொழும்பு வியாபாரியும் தை முடியும்வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்து, தை மாதத்துக்குள் ஒரு பதிலைத் தாருங்கள். இல்லை என்பதுதான் பதில் என்றால், கணக்கில் என்ன பிழை கண்டீர்கள் என்பதையும் எழுத்தில் தாருங்கள். திருத்திக்கொண்டு திரும்பவும் வருவோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
சிறு தொழில் ஆலோசகர் ஒருவர்,
கிளிநொச்சி