பிராசஸரில் ஒரு படி இறங்கு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

புதிய கேமிங் கணினிக்காக நீ போட்டு அனுப்பிய பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். எட்டு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகு) உள்ள ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸரையும், 6 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டையும் தேர்ந்தெடுத்திருக்கிறாய். இரண்டும் தள்ளிவிட வேண்டிய பொருள்கள் அல்ல. ஆனால் முக்கியமாக விளையாடுவதற்கென்றே கணினி கட்டுகிறவள், கையில் இருக்கும் அளவான பணத்தை இப்படிப் பிரித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. பிராசஸரில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடு என்பதே என் யோசனை.

திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும், பிராசஸர் முதலில் கணக்குப் போடுகிறது: யார் எங்கே நிற்கிறார்கள், எறிந்த பொருள் எதில் மோதியது, இப்போது திரையில் எவையெல்லாம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்து, வரைவதற்கான கட்டளைகளைக் கார்டுக்கு அனுப்புகிறது. நிழல், ஒளி, நிறம் என்று ஒவ்வொரு புள்ளியையும் தீட்டுவது கார்டின் வேலை. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடிதான், இருவரில் யார் பின்தங்கினாலும் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். 1080பி (1920×1080) திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி (2560×1440) திரையில் சுமார் 36.9 லட்சம். இந்தக் கூடுதல் சுமை அநேகமாக முழுவதும் கார்டின் தலையில்தான் விழும். பிராசஸருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் காட்சிச் செறிவு மிகுந்த கேம்களில் மலிவான கார்டு முதலில் மூச்சு வாங்குகிறது. வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டித் துப்பாக்கிச் சண்டை கேம்களை மட்டுமே, அதுவும் நொடிக்கு 200 ஃபிரேமுக்கு மேல் வேண்டுமென்று ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே பிராசஸர்தான் பேசும். நீ அப்படி ஆடுகிறவள் அல்ல என்று நினைக்கிறேன்.

எட்டு கோரைவிட ஆறு கோர் குறைவுதானே என்று நீ கேட்கக்கூடும். இன்றைய பெரும்பாலான கேம்களுக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைச் சரடுகள்) போதும். கோர் எண்ணிக்கையை விட எல்3 கேஷின், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகத்தின், அளவை நீ கவனித்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். கேம்கள் சிறு சிறு தரவுகளை இங்கும் அங்குமாகத் தேடி எடுப்பவை. கேஷில் இல்லாததை ரேமிலிருந்து கொண்டுவரும் வரை கோர் சும்மா நிற்கிறது. 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் உடன்பிறப்பான 5800எக்ஸைவிடக் குறைந்த கிளாக் வேகத்தில் ஓடியும், 96 எம்பி கேஷின் பலத்தால் கேம்களில் அதை முந்தியது. நம் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. ஆனால் அதே பாடம் கீழேயும் செல்லும். ரைசன் 5 5600-ல் 32 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. ஒரு எண் மட்டுமே குறைந்ததுபோல் தோன்றும் 5500-ல் 16 எம்பிதான், போதாததற்கு, கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பிசிஐஇ பாதையில் அது பழைய 3.0 தலைமுறையிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே 5600-ஐ எடு. இன்டெல் பக்கம் போவதானால் ஐ5 12400எஃப் அதற்கு இணையானது.

பெயரை நம்பி வாங்குவதன் ஆபத்து கார்டில் இன்னும் அதிகம். நீ குறித்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 3050-ஐயே எடுத்துக்கொள். 2022-ல் 8 ஜிபி நினைவகத்துடனும், அந்த நினைவகத்துக்கான 128 பிட் பாதையுடனும், 2560 கூடா கோர்களுடனும் (என்விடியா கார்டுகளின் கணக்கிடும் அலகுகள்) வந்த கார்டு அது. 2024-ல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் பாதை 96 பிட்டாகவும் கோர்கள் 2304 ஆகவும் சுருங்கிவிட்டன. பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். 70 வாட்டில் ஓடுவதாலும், பெரும்பாலும் தனி மின்கேபிள் கேட்காததாலும், பழைய அலுவலகக் கணினியில் செருகிக்கொள்ள அது நல்ல கார்டுதான். புதிதாகக் கட்டும் கணினிக்கு அந்த வசதியால் ஒரு லாபமும் இல்லை.

அதனிடத்தில் ரேடியான் ஆர்எக்ஸ் 6600-ஐ வை. 8 ஜிபி நினைவகம், 132 வாட். ரே டிரேஸிங்கை (ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை) அணைத்துவிட்டு 1080பியில் ஆடினால் 3050-ஐ நன்றாகவே முந்தும். அது எட்டு பிசிஐஇ லேன்களை (தரவு ஓடும் தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. நினைவகம் நிரம்பி வழியும்போது அந்தக் குறுகிய வழியாகத்தான் ரேமிலிருந்து தரவு வந்தாக வேண்டும்; பிசிஐஇ 3.0-இல் அந்த வழி பாதியாகிவிடும். நான் 5500 வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளைக் கற்கப்போவதாக நீ சொன்னது வெறும் ஆசையாக இல்லாமல் உண்மையானால், என் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன். அங்கே என்விடியாவின் கை ஓங்கியிருக்கிறது. 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் வெப்பநிலையையும் பார்த்த பிறகு பணம் கொடு. இன்டெல் ஆர்க் பி580-இலும் 12 ஜிபி இருக்கிறது, அதன்மேல் எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இல்லாமல் அது சோபிப்பதில்லை, 5600 போன்ற சற்றுப் பழைய பிராசஸர்களுடன் சேரும்போது சில கேம்களில் வேகத்தையும் இழக்கிறது. நமக்கு ஒத்துவராது.

மதர்போர்டில் 5600 அமரும் இடமான ஏஎம்4 சாக்கெட் தன் ஆயுளின் கடைசியில் இருப்பது உண்மையே. பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 7500எஃப் எடுக்கலாம். ஆனால் அது புதிய தலைமுறை டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். அந்தச் செலவுக்காகக் கார்டைக் குறைக்க வேண்டிவந்தால், நான் ஏஎம்4-இலேயே இருந்துவிடுவேன். எதுவானாலும் ரேமை ஒரே 16 ஜிபி பட்டையாக வாங்காமல், இரண்டு 8 ஜிபி பட்டைகளாக வாங்கி, பிராசஸருக்குத் தரவு போகும் இரு வழிகளான இரு சேனலிலும் போடு. நான் சொன்ன 5600, 12400எஃப், 7500எஃப் எதற்குள்ளும் கிராபிக்ஸ் கிடையாது. ஆகவே மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, திரை வரவில்லையே என்று நள்ளிரவில் எனக்குப் போன் செய்யாதே.

பட்டியலில் பவர் சப்ளை இல்லையே, பழையதையே போடப்போகிறாயா? அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மொத்த வாட்டை விட்டுவிடு. +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12-ஆல் பெருக்கினால் வருவதே கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட். அந்த ஸ்டிக்கரைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு; அதைப் பார்த்துச் சொல்லும் வரை எதற்கும் பணம் கட்டாதே.

அன்புடன்,
அப்பா