நீ அனுப்பிய வீடியோவுக்குப் பதில்

அன்பு மகன் ஜெபினுக்கு,

கொரோனா ஊசியால்தான் மாரடைப்பு வருகிறது என்று குடும்பக் குரூப்பில் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். அங்கேயே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் சித்தப்பா, மாமி, அண்ணன், மைனி என்று எல்லோரும் இருக்கிற இடத்தில் உன்னை மடக்கினால் நீ இன்னும் பிடிவாதம் பிடிப்பாய். போனில் பேசினாலோ பாதியில் "உனக்குத் தெரியாதும்மா" என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு ஒரு வயதானதும் போட வேண்டிய, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கிற எம்.எம்.ஆர். ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று நீங்கள் நினைப்பதாக மருமகள் சொன்னாள். கொரோனா ஊசியைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் எனக்குப் பெரிய கவலை இல்லை மக்களே. நீ அதைப் போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அந்தச் சந்தேகம் இப்போது என் பேத்தியின் கைக்கு வந்து நிற்கிறது. இதற்கு மேலும் நான் சும்மா இருக்க முடியாது.

கிராம சுகாதார செவிலியராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வதந்தி எனக்குப் புதிதில்லை. முதலில் சில்லறைக் கதைகளை ஒதுக்கிவிடுகிறேன். ஊசிக்குள் சிப் இருக்கிறது என்றார்கள். கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து வரும், ஆளுக்கு அரை மில்லி. உறிஞ்சி எடுத்தது என் கை. சிப் இருந்திருந்தால் அதைப் பத்தாகப் பங்கு வைத்தது நானாகத்தான் இருக்க வேண்டும். கையில் காசு ஒட்டுகிறது, காந்தம் என்றார்கள். வியர்த்த தோலில் எந்தக் காசும் ஒட்டும், பவுடர் பூசினால் விழுந்துவிடும். 5ஜி கோபுரத்தால்தான் ஜனங்கள் சாகிறார்கள் என்று ஒரு குரல் பதிவு 2021 ஏப்ரல், மே மாதங்களில் சுற்றியது. இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியதே 2022 அக்டோபரில்தான்.

எனக்கு எரிச்சல் வந்தது இன்னொன்றில்தான். நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லுக் மோந்தானியே பெயரைப் போட்டு, ஊசி போட்ட எல்லோரும் இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்று ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? ஊசியால் கிருமியில் புதுப்புது உருமாற்றங்கள் வரும் என்று அவர் ஏதோ சொன்னார், அதுவே தவறு. ஆனால் எல்லோரும் சாவார்கள் என்று அவர் சொல்லவே இல்லை. அந்தக் கெடு 2023 மே மாதத்தோடு முடிந்தது. 220 கோடி டோஸுக்கு மேல் போட்ட நாடு இது. அனுப்பியவர்களில் ஒருவராவது "நான் அனுப்பியது பொய்யாகிவிட்டது, மன்னியுங்கள்" என்று எழுதிப் பார்த்தாயா? அதே ஆட்கள் அடுத்ததாக மாரடைப்புக் கதையை அனுப்பப் போய்விட்டார்கள்.

சரி, அந்த மாரடைப்புக்கு வருவோம். உன் வீடியோவும் அதைப் பற்றியதுதானே.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் முன்மாதிரியாக ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் முகாமில் ஈ ஆடவில்லை. முந்தின வாரம் டோக்கனுக்குச் சண்டை போட்டவர்கள்கூட வரவில்லை. நானும் அவர் காமெடிக்கு விழுந்து விழுந்து சிரித்தவள், எனக்கும் மனசு கனத்துப் போனது. பிறகு மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்து, அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்றது. ஆனால் முதல் செய்தி வந்த வீட்டுக்கெல்லாம் இரண்டாவது செய்தி போய்ச் சேரவில்லை.

அந்த நாட்களில் ஒருவர் காலையிலேயே வந்து வரிசையில் நின்றார். ஐம்பது தாண்டியவர், ரப்பர் வெட்டுகிறவர். அவர் முறை வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். நான் அன்று இரவு முழுவதும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். வரிசை கொஞ்சம் வேகமாக நகர்ந்து, நான் அவருக்கு ஊசி போட்ட பிறகு அந்த வலி வந்திருந்தால்? ஊரில் ஒரு ஆள் அதற்குப் பிறகு கையை நீட்டியிருக்க மாட்டார். நானே குத்திக் கொன்றதாக ஆகியிருக்கும். நாட்டில் தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாரடைப்பு வருகிறது. ஒரே நாளில் லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டால், அந்த இரண்டு கூட்டத்திலும் இருக்கிற ஆட்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு அது அதிகமாக வந்ததா என்று எண்ணிப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

அப்படி எண்ணியவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலேயே இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரிகளில், 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரின் விவரங்களை எடுத்து, அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டது. 2023-ல் முடிவு வெளியானது. கொரோனா ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகத்தான் இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவால் ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் முன்பு யாராவது அப்படித் திடீரென்று இறந்தது, இறப்பதற்கு முந்தின இரண்டு நாட்களுக்குள் அளவு மீறிக் குடித்தது, உடம்பை மிஞ்சிய உடற்பயிற்சி. உன் வீடியோவில் இந்த ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "அரசாங்கம் சொல்வதை எப்படிம்மா நம்புவது?" நியாயமான கேள்விதான், அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் அதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது எச்சரிக்கை வந்து சேரும் முன்பே எத்தனையோ பேர் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கும் கடற்கரை ஊர்கள் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்களே, நீயும் டிவியில் பார்த்தாய். அப்புறம் நாங்கள் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது ஒரு அம்மா என்னிடம், "அன்றைக்குக் காற்று வரும் என்று சொல்ல ஒருத்தரையும் காணோம், இன்றைக்கு மட்டும் வீடு தேடி வருகிறீர்கள்" என்றாள். எனக்கு வாய் அடைத்துப் போனது. அவளுடைய சந்தேகம் வாட்ஸ்அப்பில் வந்ததில்லை, கடலில் ஆள் போன வீட்டில் பிறந்தது. திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். அன்று அவள் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கொரோனாச் சாவுகளிலும் அரசுக் கணக்கு குறைவு என்று சந்தேகப்பட்டவர்கள் தவறானவர்கள் இல்லை. 2020-ல் நாட்டில் பதிவான மொத்தச் சாவுகள் சுமார் 81 லட்சம், 2021-ல் 102 லட்சம். இது அரசே வெளியிட்ட பதிவுக் கணக்கு. ஒரே வருடத்தில் 20 லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது, கொரோனாச் சாவு என்று அறிவித்ததோ அதில் ஒரு பகுதிதான். அதே மாதிரி, கிருமி வூஹான் ஆய்வகத்திலிருந்து கசிந்ததா என்பதும் கேட்கக்கூடிய கேள்விதான். விலங்கிலிருந்து வந்தது என்பதற்கே சான்று அதிகம் என்றாலும், சீனா தர வேண்டிய தகவலைத் தராததால் மற்றதையும் ஒதுக்கிவிட முடியாது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2025-ல் சொன்னது. இதையெல்லாம் கேள். ஆனால் அரசு ஒரு கணக்கை மறைத்தது என்பதிலிருந்து ஊசியில் விஷம் இருக்கிறது என்று நேராகத் தாவ முடியாது. நடுவில் பாலம் இல்லை.

பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. கோவிஷீல்டால் மிக அரிதாக இரத்தம் உறைந்தது உண்மை. 2024-ல் அந்த ஊசியை உருவாக்கிய ஆஸ்ட்ராசெனகா கம்பெனி லண்டன் கோர்ட்டில் ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்ததும், "பார்த்தாயா, மூன்று வருடமாக மறைத்திருக்கிறார்கள்" என்று குரூப்பில் போட்டாய். மறைக்கவில்லை மக்களே. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலிலேயே அதை வெளிப்படையாக அறிவித்தது. அடுத்த மாதமே இந்தியக் குழுவும், பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவில் அப்படிப்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருப்பதாகச் சொன்னது. எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று எங்களுக்குத் தாள் அடித்துக் கொடுத்தார்கள். நீ அமெரிக்காவில் போட்ட எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசியால் இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசை வீங்கியதும் 2021-லேயே வெளியே வந்துவிட்டது. இதையெல்லாம் கண்டுபிடித்தது யார்? நீ பார்க்கிற சேனல்காரர்களா? எதையும் மறைக்கிறார்கள் என்று அவர்கள் திட்டுகிற டாக்டர்களும் கண்காணிப்புக் குழுக்களும்தான். உண்மையில் இருந்த ஆபத்து ஒன்றைக்கூட அந்தச் சேனல்கள் முதலில் கண்டு சொல்லவில்லை. சிப் என்றார்கள், காந்தம் என்றார்கள், மலடாகும் என்றார்கள்.

இந்த மலடுக் கதை போலியோ சொட்டு மருந்துக் காலத்திலிருந்தே வருகிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா ஊசியைப் பள்ளிக்கூடங்களில் போட்டபோதும் இதே வாட்ஸ்அப், இதே பயம். அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட அப்பாக்களோடு மல்லுக்கட்டி வந்து நான் புலம்பியபோது, நீ சாயா குடித்துக்கொண்டே சிரித்தாய். இப்போது என் வீட்டிலேயே அப்படி ஒரு அப்பா.

எம்.எம்.ஆரால் ஆட்டிசம் வரும் என்ற கதையின் வேர் 1998-ல் வந்த ஒரே ஒரு கட்டுரை. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற இங்கிலாந்து டாக்டர், வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதினார். ஊசிக் கம்பெனிகள் மீது வழக்குப் போட இருந்த வக்கீல்களிடம் அவர் பணம் வாங்கியிருந்தது பிறகு தெரிந்தது. 2010-ல் அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் போனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை.

நீ இருக்கிற டெக்சாஸில் நடந்ததை நான் சொல்லியா தெரிய வேண்டும்? 2025 ஜனவரியில் மேற்குப் பக்கம் தொடங்கிய தட்டம்மை, ஆகஸ்டில் ஓய்ந்ததாக அறிவித்தபோது 762 பேருக்கு வந்திருந்தது. ஊசி போடாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். சிலர் ஊசிக்குப் பதிலாக மீன் எண்ணெய் கொடுத்து, வைட்டமின் ஏ அளவு மிஞ்சி, பிள்ளைகளின் ஈரல் பாதிக்கப்பட்டது. மீன் எண்ணெய் தட்டம்மையைத் தடுக்கும் என்றால் நம் குளச்சலில் ஒரு பிள்ளைக்கும் அது வந்திருக்கக் கூடாது.

ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு "நீ சொல்லவில்லையே" என்று கேட்கக் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சல் வரலாம், லேசாகத் தடிக்கலாம். மூவாயிரம், நாலாயிரம் பிள்ளைகளில் ஒருவருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. காய்ச்சல் மருந்தின் அளவைப் பிள்ளையின் எடைக்கு ஏற்ப டாக்டரிடமே கேட்டுக்கொள். தட்டம்மை வந்துவிட்டால் அதன் கணக்கு வேறு. சில பிள்ளைகளுக்கு அது மூளை வரை போகும்.

டிசம்பரில் ஊருக்கு வருவதானால் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். விமானத்தில் யார் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். டாக்டரிடம் போகும்போது உன் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். அவர் பதில் பிடிக்காவிட்டால் எனக்கு எழுது, மறுபடியும் சண்டை போடலாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் தேதி வாங்கிவிட்டு எனக்குச் சொல். அப்பா பேத்திக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வைக்கப் போகிறாராம். நான்கு பல்லுக்கு எதற்கு அது என்று கேட்டால் முறைக்கிறார்.

அன்புடன்,
அம்மா