ஆடி முதல் செவ்வாய்க்குள் நோன்புப் புரைக்கு மேல்தட்டு போட வேண்டும்

ஊரில் இருக்கிற ஆச்சிமார்களுக்கும், மைனிமார்களுக்கும், வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த எங்கள் பிள்ளைகளுக்கும், அவரவர் வீட்டு ஆண்களுக்கும் கமிட்டியின் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெண்கள் மட்டும் இருக்கிற ஔவையார் நோன்புக்கென்று நம் ஊரில் கட்டுகிற புரை, அதாவது சின்னக் கட்டடம், மேல்தட்டுக் கூரை இல்லாமல் சுவரோடு நிற்கிறது. கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. இன்னும் 2,25,000 ரூபாய் வேண்டும். இந்த ஆண்டு ஆடி முதல் செவ்வாய் ஜூலை 21. கான்கிரீட் போட்டு 21 நாள் கழித்துத்தான் முட்டுப் பிரிக்க வேண்டும் என்று கொத்தனார் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே ஜூன் 25க்குள் கான்கிரீட், அதற்கு ஜூன் 20க்குள் பணம்.

"அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். மூன்று மாதத்துச் செவ்வாய்களில் ஒன்றிலாவது நோன்பு இருக்காமல் வருஷத்தைக் கழிக்கக்கூடாது. திருநெல்வேலிப் பக்கமும் அதற்கு வடக்கேயும் இந்த நோன்பு உண்டுதான். செட்டிநாட்டில் செவ்வாய்ப் பிள்ளையார் என்பார்கள். குமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கத்துக்காரர்களான நாமோ ஔவைக்குக் கோவிலே கட்டிக் கும்பிடுகிறோம். முப்பந்தலிலும் தாழக்குடிப் பக்கத்திலும் ஔவையாரம்மன் இருக்கிறாள். ஆடிச் செவ்வாயன்று தாழக்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள், கூழும் கொழுக்கட்டையும் வைக்கப் பெண்கள் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். மூவேந்தருக்கும் பந்தல் போட வைத்தவள் ஔவை, அதனால்தான் அது முப்பந்தல் என்று ஆச்சிமார் கதை சொல்வார்கள். சங்ககாலத்து ஔவை வேறு, சோழர் காலத்து ஔவை வேறு என்று படித்தவர்கள் திருத்துவார்கள். எந்த ஔவை வந்தாலும் நாம் வைப்பது அதே கொழுக்கட்டைதான், அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே, திருவிதாங்கூர் காலத்தில், நம் ஊரில் கீழத்தெரு பெரியாச்சி வீட்டில்தான் நோன்பு நடந்தது. பகல் முழுக்க விரதம். சாயங்காலம் தலைமுழுகிவிட்டுப் பச்சரிசியை உரலில் இடித்து, அரிப்பில் அரித்து வைப்பார்கள். இரவு பிள்ளைகள் உறங்கியதும் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு நடையைச் சாத்துவார்கள். உப்பில்லாத கொழுக்கட்டை. விதவிதமாகப் பிடித்து அவித்து, ஔவைக்கு வைத்து, மூத்தவள் கதை சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். விடிவதற்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட வேண்டும். ஆண் வாடையே கூடாது, தொட்டில் பிள்ளையானாலும் ஆண் என்றால் பாட்டி வீட்டுக்குத்தான். கதையை இங்கே எழுதுவோம் என்று யாராவது எதிர்பார்த்தால் மன்னிக்கவும். இதை ஆண்களும் படிக்கிறார்கள்.

பெரியாச்சி போய்விட்டாள். அவள் பிள்ளைகள் சென்னையில், வீடு பூட்டிக் கிடக்கிறது. புதிதாகக் கட்டிய வீடுகளில் வாசலுக்கு வாசல் கேமரா. ஆண்களை ராத்திரி எங்கே அனுப்புவது? பத்து மணிக்கு டீக்கடையும் சாத்திவிடுகிறான். போன ஆடியில் வேறு வழியில்லாமல் ஊர்ப் பொது இடத்தில் தார்ப்பாய் கட்டினோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டாம், காற்றாலைக்காரர்கள் அதற்காகத்தானே இங்கே வந்தார்கள். சாரலும் சேர்ந்துகொண்டது. பதினொரு மணிக்குத் தார்ப்பாய் பறந்தது, விளக்கு அணைந்தது, அடுப்பில் தண்ணீர். மழைக்கு ஒதுங்கி நின்ற பையன்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உதவத்தான் வந்தார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாதி அவிந்த கொழுக்கட்டையை முந்தானையில் மூடிக்கொண்டு ஓடியதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்த ராத்திரியில் எடுத்த முடிவுதான் இந்தப் புரை. மொத்த மதிப்பு 6,40,000. வந்தது 4,15,000, அதில் அஸ்திவாரமும் சுவரும் முடிந்தன. பாக்கிக் கணக்கு: மேல்தட்டுக்குக் கம்பி, சிமென்ட், ஜல்லி, எம்-சாண்ட் 1,10,000. முட்டு வாடகையும் கூலியும் 55,000. கதவும் இரண்டு ஜன்னலும் 28,000. கழிவறை 32,000. கழிவறை எதற்கு என்று கேட்டவர்கள் ஒரு ராத்திரி முழுக்க வெளியே இருந்து பார்த்தவர்கள் இல்லை.

கொடுத்தவர்களைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. மூன்று சென்ட் நிலத்தை ஒரு பைசா வாங்காமல் எழுதிக்கொடுத்த மேலத்தெருக் குடும்பத்துக்கு எங்கள் தலைமுறை கடன்பட்டிருக்கிறது. தோவாளைச் சந்தைக்குப் பூக் கட்டுகிற பெண்கள், முழத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், 35,000 சேர்த்துக் கொடுத்தார்கள். மகளிர் குழு 40,000. வளைகுடாவில் இருக்கிற நம் பையன்கள் 1,20,000 அனுப்பினார்கள். உள்ளே விடமாட்டோம் என்று தெரிந்தே அனுப்பினார்கள், அது பெரிய மனசு. 180 வீடுகள் வீட்டுக்கு 500 கொடுத்தன. வடக்குத் தெரு ஆச்சி ஒருத்தி, அரசாங்கம் தருகிற முதியோர் உதவித்தொகை 1,200ஐ அப்படியே கொண்டுவந்து வைத்தாள். மாத்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். "மாத்திரை என்னைக்கும் திங்கதுதான், ஔவைக்கு எப்பம் செய்ய" என்றாள். வாங்கிக்கொண்டோம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. நோட்டில் பெயர் எழுதிவிட்டு இன்னும் பணம் தராத வீடுகள் 23. பெயரை இங்கே போடவில்லை. நோட்டு செயலாளர் வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கோவில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் கேட்காமலே எடுத்து நீட்டுகிற கைகள், பெண்களுக்கு ஒரு கூரை என்றதும் ஏன் மடங்குகின்றன? நல்ல மாப்பிள்ளை வரவேண்டும் என்று கன்னியாக நோன்பு இருந்தது யாருக்காக? புருஷனும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று உப்பில்லாமல் தின்றது யாருக்காக? கொஞ்சம் யோசியுங்கள்.

ஆண்கள் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் கொடுத்தால் எங்களுக்கு என்ன? ரசீது உண்டு. கொழுக்கட்டை கிடையாது.

100 ரூபாயும் வாங்கிக்கொள்வோம். வங்கிக் கணக்கு விவரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. கையில் கொடுப்பவர்கள் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள், குழந்தைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். சிமென்ட் மூட்டையாகத் தருவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சாரலில் நனையாமல் வைக்க இடம் பார்க்க வேண்டும். கான்கிரீட் போடுகிற அன்று வேலையாட்களுக்குச் சோறு பொங்க எட்டுப் பேர் தேவை.

அப்புறம், மில்லில் திரித்த மாவு போதாதா என்று சிறுபிள்ளைகள் கேட்கிறார்கள். போதாது. புரைக்கு உரல் வேண்டும். யார் வீட்டுப் பின்கட்டிலாவது பழைய உரல் கவிழ்ந்து கிடந்தால் சொல்லுங்கள், தூக்கிவர ஆள் அனுப்புகிறோம்.