கடலைத் தொடும் மசோதாக்கள் தமிழில் கரைக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் என்றாலே அவையில் நடக்கும் அமளியும் ஒத்திவைப்பும்தான் செய்தியாகின்றன. மசோதாக்களை ஆராயும் உறுப்பினர் குழுக்களான நிலைக்குழுக்களின் அறைகளில் நடக்க வேண்டிய வேலை குறைந்துகொண்டே வருவது பேசப்படுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வாழும் எங்களுக்கு அந்த வேலைதான் முக்கியம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

துறைசார் நிலைக்குழுக்கள் 1993-இல் ஏற்பட்டன. ஒரு மசோதா குழுவுக்குச் சென்றால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியாகும், சங்கங்களையும் வல்லுநர்களையும் நேரில் அழைத்து விசாரிக்கலாம், அமைச்சக அதிகாரிகள் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கட்சிக் கொறடாவின் உத்தரவும் அங்கே செல்லாது. 15-ஆவது மக்களவைக் காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17-ஆவது மக்களவைக் காலத்தில் ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடலடிக் கனிமங்களை ஏலத்தில் விட வழிசெய்யும் திருத்த மசோதா 2023 ஜூலை இறுதியில் அறிமுகமாகி, ஆகஸ்ட் 3-க்குள் இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. அது எங்கள் கடலுக்கும் பொருந்தும் சட்டம். அப்படி ஒன்று வருகிறது என்பதே பாம்பனிலும் தொண்டியிலும் பலருக்குத் தெரியாது. சட்டம் வந்த பின்னர், கொல்லத்துக்கு அப்பால் கடல் மணலை ஏலம் விட முனைந்தபோது, கேரள மீனவர்கள் தெருவில் இறங்க வேண்டியதாயிற்று.

முடிந்த பிறகு தெரிவிக்கப்படுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூனில் கையெழுத்தானது. மக்களவையில் அதுபற்றிய அறிக்கை ஜூலை 23-ஆம் தேதிதான் வந்தது.

சட்டத்தைவிட எளிதாக நழுவிவிடுவது, அவையில் வாக்கெடுப்பு இல்லாமல் அமைச்சகமே வெளியிடும் அறிவிக்கை. எண்ணெய், எரிவாயுச் சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆனது 2020 ஜனவரியில் வந்த ஓர் அறிவிக்கை வழியாகத்தான். அதன் விளைவை இந்த மாவட்டம் 2025-இல் கண்டது. 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்ட செய்தி வெளியாகி, எதிர்ப்பு கிளம்பிய பின்னரே, அனுமதியைத் திரும்பப் பெறுமாறு தமிழக அரசு கூறியது. அறிவிக்கைகளையும் விதிகளையும் ஆராய இரு அவைகளிலும் சார்நிலைச் சட்டக் குழுக்கள் இருக்கின்றன. எங்கள் உறுப்பினர்கள் இவ்வறிவிக்கையை அங்கே எடுத்துச்செல்ல வேண்டும்.

கடற்கரைக்கு ஒரே குரல் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விசைப்படகுச் சங்கம் கேட்பதை நாட்டுப்படகுச் சங்கம் எதிர்க்கும். விசைப்படகின் இழுவை மடி (இழுவலை) கடலின் அடிமட்டத்தை வாரிச் செல்கிறது என்று ஒருவர் சொன்னால், கடனை எப்படி அடைப்பது என்று மற்றவர் கேட்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி எடுக்கும் பெண்கள், தாயும் பாட்டியும் எடுத்த அதே இடத்தில் இன்று அத்துமீறியவர்களாக வனத்துறைக்குப் பதில் சொல்ல நேர்கிறது. இவர்கள் அனைவரின் பேச்சையும் அருகருகே வைத்துப் பதிவு செய்து, அறிக்கையாக அவையில் வைக்கக்கூடிய இடம் நிலைக்குழுதான். தொகுதி உறுப்பினர் எவ்வளவு நல்லவராயினும், முதலில் வந்து பார்க்கும் சங்கத்தின் குறையே அவர் காதில் பெரிதாக விழும்.

ஆனால் அந்தக் குழுவின் வாசலில் மொழி தடையாக நிற்கிறது. கருத்துகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்புமாறுதான் குழுக்களின் அறிவிப்புகள் கேட்கின்றன. அவையில் உறுப்பினர் தமிழில் பேசினால் மொழிபெயர்க்க ஏற்பாடு இருக்கும்போது, தங்கச்சிமடத்துப் பெண் தமிழில் எழுதும் மனுவைக் குழு ஏன் ஏற்கக் கூடாது? சட்ட வரைவுகளை 30 நாட்களாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது; அது சட்டமாகாததால் கடைப்பிடிப்பதும் கைவிடுவதும் அமைச்சகத்தின் விருப்பமாக இருக்கிறது.

எங்கள் சங்கங்களும் மாற வேண்டும். படகுகளைக் கரையில் நிறுத்தி வேலைநிறுத்தம் செய்யத் தயங்காதவர்கள், ஆட்சியர் நடத்தும் குறைதீர் கூட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். நாடாளுமன்றக் குழுவுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. படித்த இளைஞர்களும் வழக்கறிஞர்களும் தொண்டு அமைப்பினரும் இந்த இடத்தில்தான் உதவ வேண்டும்.

மீன்வளம், கடற்கரை, கனிமம் தொடர்பாக அடுத்து வரும் எந்த மசோதாவையும் குழுவுக்கு அனுப்புமாறு எங்கள் தொகுதி உறுப்பினரும் பிற கடலோரத் தொகுதி உறுப்பினர்களும் எழுத்துபூர்வமாகக் கோர வேண்டும். அதன் தமிழ் வரைவு கடலோர ஊராட்சிகளின் கிராம சபைகளில் வாசிக்கப்பட வேண்டும். குழுவும் டெல்லியிலேயே அமர்ந்துவிடாமல், மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு நாள் வெளிப்படையாக அமர்ந்து கருத்துக் கேட்க வேண்டும். அந்த நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அமைந்தால் விசைப்படகுக்காரர்களும் கரையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.