ஐஸுக்குப் பிழையில்லையாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் காப்புறுதிப் பகுதியில், கவனமாக ஓட்டுபவர்கள் பனிக்காலத்துக்குப் பயப்படத் தேவையில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் கனடாவில், ஸ்காபரோவில்தான் இருக்கிறாரா, பனியே இல்லாத மயாமியில் இருந்து எழுதி அனுப்புகிறாரா?

26 வருடமாக இந்த ஊரில் கார் ஓட்டுகிறேன். போன பெப்ரவரியில் ஒருநாள் விடிய ஐந்தரைக்கு, மார்க்கம் வீதியும் எல்ஸ்மியரும் சந்திக்கிற இடத்தில் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தேன். கார் தன்பாட்டில் சறுக்கிப் போய் முன்னால் நின்ற காரில் இடித்தது. வேகம் இருபது கிலோமீட்டர்கூட இராது. தார் காய்ந்திருந்த மாதிரித்தான் தெரிந்தது. இறங்கிக் கால் வைத்த பிறகுதான் எல்லாம் ஐஸ் என்று விளங்கியது. நானும் அந்தக் காரில் வந்த வயோதிபரும் ஆளையாள் பிடித்துக்கொண்டுதான் ஓரத்துக்கு வந்தோம். பனிக்காலத்துக்கென்றே உள்ள வின்ரர் ரயர் போட்டிருந்தேன் என்பதையும் உங்கள் எழுத்தாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஐஸில் சறுக்கியது என்று காப்புறுதிக்காரரிடம் சொன்னேன். "அது கணக்கில் இல்லை, பின்னால் இடித்தால் நூறு வீதமும் உங்கள் பிழை" என்றார். நம்பாமல் மகளைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். உண்மைதான். பிழை யாருடையது என்று தீர்மானிக்கும்போது காலநிலையையோ வீதியின் நிலையையோ பார்க்கக்கூடாது என்று ஒன்ராறியோவின் 668ஆம் ஒழுங்குவிதியே சொல்கிறது. இது உங்களுக்குத் தெரியாததா? இதழுக்கு மூன்று பக்கம் காப்புறுதி விளம்பரம் போடுகிறீர்களே! அந்த விளம்பரங்களில் 'நோ ஃபோல்ட்' என்று பார்த்து, யாருக்கும் பிழை வராது என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். யார் பிழை விட்டாலும் அவரவர் தங்கள் கம்பனியிடம் போவது என்பதுதான் அதன் பொருளாம்.

என் காரின் பம்பருக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சர் இருந்ததாம். திருத்திய செலவில் முதல் ஆயிரம் டொலர் என் கையால். அப்புறம் காப்புறுதியைப் புதுப்பிக்கும் கடிதம், கூடிய கட்டணத்தோடு வந்தது. அதைத் திறந்த அன்று நான் சாப்பிடவில்லை. வின்ரர் ரயர் போட்டவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்பது 2016 ஜனவரியில் இருந்தே சட்டம். என் முகவர் வருடாவருடம் நாட்காட்டி தந்தார், இதைச் சொல்லவில்லை. ஒட்டாவாவில் இருக்கும் மச்சான் அதே வகைக் காருக்கு என்னைவிடக் குறைவாகக் கட்டுகிறார். தபால் குறியீடுதான் காரணமாம். ஸ்காபரோவில் குடியிருந்தது முதல் பிழை, சரி.

கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் உங்களுக்கு எழுதினேன். இடம் போதாமல் இருந்திருக்கும். அந்த இதழில் நடிகையின் திருமணத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது.

நான் கேட்பது அதிகமில்லை. அந்த ஒழுங்குவிதியைத் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடிய எழுத்தில் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
முதல் இதழில் இருந்து வாசிக்கும் ஒருவர்,
ஸ்காபரோ
(போன முறை என் பெயரைப் பிழையாக அச்சிட்டீர்கள். இந்த முறை பெயரே வேண்டாம்.)