பாரிஸில் நாள் வாடகை வீடு: வாடகையைப் பார்க்குமுன் பதிவு எண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பியச் சுற்றுலா பற்றிய பயணக் கட்டுரைகளில் ஹோட்டலைவிடச் சமையலறையுள்ள வீடு மலிவு என்று எழுதுகிறார்கள். நான்கு பேர் போனால் உண்மைதான். ஆனால் பார்க்க வேண்டியவற்றை யாரும் எழுதுவதில்லை. பாரிஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீட்டுக்குப் பதிவு எண் (உரிமையாளர் வீட்டை அரசிடம் பதிந்து பெறும் எண்) கட்டாயம். விளம்பரத்திலேயே அது இருக்க வேண்டும். உரிமையாளர் தாம் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 90 நாள்தான் இப்படி விடலாம் (2024 வரை 120 நாள்). எண் இல்லாத வீடு பயணத்துக்கு முன்பே ரத்தாகலாம். ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பத்தில் காட்டிய தங்குமிடம் அதுவே என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். முன்பதிவுத் தளத்துக்கு வெளியே வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். போட்ட பணத்தை மீட்பது அரிது.

'இரண்டு அறை' என்றால் பிரெஞ்சுக் கணக்கில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. ஆகவே நால்வரில் இருவருக்கு சோபாதான் படுக்கை. பழைய கட்டடங்களில் லிஃப்ட் பிற்பாடு பொருத்தியது. பெரிய பெட்டி ஒன்றும் ஆள் ஒருவரும் ஏறினால் நிறைந்துவிடும். பல கட்டடங்களில் அதுவும் கிடையாது. வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் எத்தனையாவது மாடி என்று முதலில் கேளுங்கள்.

நம்மவர்கள் தடுமாறுவது அடுப்பில்தான். இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுபோகும் அலுமினியக் குக்கர் சூடாகாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும். ஆனால் இழுத்துத் தேய்த்தால் கண்ணாடி கீறும், முன்பணத்தில் பிடிப்பார்கள். சிவப்பாகக் கனலும் கண்ணாடி அடுப்பு வேறு வகை, அதற்கு அலுமினியமும் சரி. மின்னழுத்தம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட் என்பதால் அடாப்டர் போதும், மின்மாற்றி வேண்டாம்.

வெந்நீர்த் தொட்டியின் கொள்ளளவையும் கேட்க வேண்டும். சின்னத் தொட்டியை வைத்துக்கொண்டு நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத்தண்ணீர். சில வீடுகளில் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் மட்டுமே தண்ணீர் சூடேறும்படி வைத்திருப்பார்கள், தீர்ந்தால் மறுநாள்தான்.

சுத்தம் செய்யும் கட்டணமும், ஆள் ஒன்றுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பெரியவர்களுக்கு விதிக்கும் நகர வரியும் வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாவி வாங்கியதும் சுவர், மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். குப்பை போடப் போகும்போதுகூடச் சாவியைக் கையில் வைத்திருங்கள்: பல வீட்டுக் கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது. இரவில் பூட்டுக்காரரை அழைத்தால் சில நூறு யூரோ செலவாகும்.

உங்கள் பயணப் பக்கத்தில் வாடகையோடு பதிவு எண், மாடி, அடுப்பு வகை ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி